தொட்டிக்கு வந்த நோய்

மூன்று நாளாக அடுப்பு அழிச்சாட்டியம் செய்தது. தீக்குச்சியைக் காட்டினால் ‘புஸ்’ என்று ஒரு பெருமூச்சு, அவ்வளவுதான். கொல்லையில் நிற்கும் கறுப்புத் தொட்டிக்குக் காய்கறித் தோல், மிஞ்சிய சோறு, உதிர்ந்த இலை எல்லாம் கரைத்து ஊற்றி, அதில் வரும் வாயுவில்தான் இரண்டு வருடமாக அவள் சமைக்கிறாள். எலுமிச்சைத் தோல் போட மாட்டாள். சோப்புத் தண்ணீர் ஒரு சொட்டு விட மாட்டாள். பெற்ற பிள்ளைக்குக்கூட இவ்வளவு பத்தியம் பார்த்ததில்லை. அப்படியும் படுத்துவிட்டதே! பக்கத்து வீட்டுக்காரிதான் எதையோ கொட்டியிருப்பாள் என்று மனதுக்குள் அவளைத் திட்டித் தீர்த்தாள்.

தொட்டி வைத்துக் கொடுத்த மேஸ்திரி வந்து, கழிவு ஊற்றும் குழாய்க்குள் கையை விட்டுத் துழாவினார்.

“என்னம்மா, பினாயில் கினாயில் ஊத்துனீங்களா?”

“ஐயோ, இல்லண்ணே. கண்ணும் கருத்துமாத்தான் பாத்துக்கறேன்.”

“அப்போ மாத்திரை ஏதாவது? உள்ள இருக்கிற கிருமிங்கதாம்மா கழிவைத் தின்னு வாயுவா விடுது. நோய்க்கிருமியைக் கொல்ற மருந்து விழுந்தா, இதுங்களும் சேந்து செத்துப்போகும்.”

குழாய் வளைவில் சிக்கியிருந்ததை எடுத்து நீட்டினார். பிசைந்த சோற்று உருண்டை. அதன் நடுவே, செங்கல் நிறத்தில், பாதி கரைந்த மாத்திரை.

அந்த நிறம் அவளுக்குத் தெரியும். கணவருக்குக் காசநோய் என்று சொல்லி, ஆறு மாதம் விடாமல் விழுங்கச் சொன்ன மாத்திரை. தினமும் காலையில் அவள்தான் தண்ணீரோடு கையில் கொடுக்கிறாள். ‘நீ உக்காரு, நான் ஊத்திட்டு வரேன்’ என்று கொஞ்ச நாளாக அவர் கழிவு வாளியைப் பிடுங்கிக்கொண்டு போனார். இந்த வயதில் என்ன கரிசனம் என்று அவள் வெட்கம்கூடப் பட்டாள். பாழாய்ப்போன வெட்கம்!

உள்ளே கணவர் தையல் மெஷின் முன்னால் ஊசியில் நூல் கோக்க மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். அவள் உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். அவர் நூலைக் கீழே வைத்தார்.

“அதைப் போட்டா ஊசிக் காது தெரியலடி. சிவப்பு நூலும் பச்சை நூலும் ஒண்ணாத் தெரியுது.”

“டாக்டர்கிட்ட சொல்றதுக்கென்ன?”

“சொன்னா, மெஷினை விட்டு எழுந்திருன்னுவாரு.”

“நீங்களே போயிட்டா அந்த மெஷினை வச்சுக்கிட்டு நான் என்ன பண்ணுவேன்?” கத்திவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

அன்றைக்கே இழுத்துக்கொண்டு போனாள். டாக்டர் இருவரையும் வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டு, ஒரு மாத்திரையை மட்டும் மாற்றினார். கண் தெளிய நாளாகும், இனி ஒரு வேளை விட்டாலும் உயிருக்கு உத்தரவாதம் இல்லை என்றார். மறுநாளிலிருந்து கணவர் அவள் கண்ணெதிரே விழுங்கினார். வாயைத் திறந்து காட்டச் சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. கட்டின புருஷனிடம் எப்படிக் கேட்பது? கழிவு வாளியை மட்டும் அவரிடம் விடவில்லை.

மேஸ்திரி சொன்னபடி சாணம் கரைத்து ஊற்றி இருபது நாள் காத்திருந்தாள். ஒரு காலையில் அடுப்பு குப்பென்று பற்றியது, நல்ல நீலத்தில்.

“பாத்தியா, தொட்டி பொழச்சுக்கிச்சு!” என்றார் உள்ளிருந்து, மெஷினை ஓட்டிக்கொண்டே. சொல்லி முடிப்பதற்குள் இருமல் வந்துவிட்டது.

அவளும் சிரித்தாள். பாலை அடுப்பில் வைத்தாள். தொட்டிக்குள் மாத்திரை விழவில்லை, அது நிச்சயம். ஆனால் அவர் வயிற்றுக்குள் விழுந்ததா?

பாலை அப்படியே விட்டுக் கொல்லைப்பக்கம் போனாள். அவர் உட்காரும் ஜன்னலுக்குக் கீழே இருந்த பூந்தொட்டியில் மண் கொஞ்சம் கிளறினாற்போல் இருந்தது. கோழி கிளறியிருக்கலாம். அவள் குந்தி உட்கார்ந்து மண்ணுக்குள் விரலை விட்டாள்.

உள்ளே மெஷின் சத்தம் நின்றது.