டிரம் தாமதமாக விழுகிறது

டெட்ராய்ட் கிழக்கில், கிராஷியட் சாலையில் இருக்கும் வெண்டலின் இசைத்தட்டுக் கடையில் சனிக்கிழமைக் கூட்டத்துக்கு ஒரே சட்டம்தான். புதன்கிழமைக்குள் உங்கள் பீட்டை, அதாவது மெஷினில் நீங்களே கோத்த இசைத்துண்டை, குழுவின் இணையப் பக்கத்தில் ஏற்றிவிட வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் வேறு இரண்டு பேருடைய பீட்டைக் கேட்டு, எது நன்றாக இருக்கிறது, எது உதைக்கிறது என்று எழுத வேண்டும். எழுதாதவர்களுக்குச் சனிக்கிழமை நாற்காலி உண்டு, ஸ்பீக்கர் கிடையாது; அவர்கள் பீட் அன்றைக்கு ஓடாது. வெண்டல் பார்ப்பதற்குச் சாது. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் கறார்.

ஷாரீஸுக்கு ஸ்பீக்கர் வேண்டும். ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் நாள் முழுக்க விரிப்பு மடிக்கிற கைக்கு, வீட்டுக்கு வந்து டிரம் ஒலிக்கும் பேட் பெட்டியில் தட்டுவதுதான் சுகம். பீட் போட ஆரம்பித்து ஏழு மாதம் ஆகிறது. அக்காவிடம் போட்டுக் காட்டினால் "நல்லாருக்குடி" என்பாள். எதைப் போட்டாலும் நல்லாருக்கு. அந்த நல்லாருக்கை வைத்துக்கொண்டு ஒரு மண்ணும் செய்ய முடியாது. நாலு விஷயம் தெரிந்தவர்கள் உட்கார்ந்து கேட்டு, இங்கே சொதப்பிவிட்டாய் என்று சொல்ல வேண்டும். அதற்காகத்தான் அவள் வெண்டல் கடைக்குப் போக ஆரம்பித்தாள்.

அந்த வெள்ளிக்கிழமை, மதிய இடைவேளை முடிய நாலு நிமிடம் இருந்தது. தன் பீட்டைத் திங்கட்கிழமையே ஏற்றிவிட்டிருந்தாள். பெர்னீட்டாவின் பீட்டுக்கு ஒழுங்காக எழுதி முடித்திருந்தாள். இன்னொன்று பாக்கி. பட்டியலில் அடுத்து நின்றது ஓடெலின் பெயர். பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்க்கிறவர், நாற்பத்தைந்து வயது, கூட்டத்துக்கு வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. ஷாரீஸ் போனை மேஜைமேல் வைத்து ஓடவிட்டாள். ஒரு பழைய ஆர்கன் மெதுவாக ஆரம்பித்தது. அதற்குள் மேற்பார்வைக்காரி கதவில் எட்டிப் பார்த்தாள். பதினோரு விநாடியில் நிறுத்திவிட்டு, போன மாதம் யாரோ தனக்கு எழுதியிருந்ததையே எடுத்துப் போட்டாள்: டிரம் தாமதமாக விழுகிறது, தாளக் கட்டத்துக்குள் உட்காரவையுங்கள், பேஸ் ஒலியைக் கொஞ்சம் இறக்குங்கள், மற்றபடி அருமை. கடைசியில் பாராட்டாக ஒரு நெருப்பு இமோஜி.

புதுசாகப் பீட் போடுகிற யாருக்கு இதைச் சொன்னாலும் பொருந்தும். தலைவலிக்கும் காய்ச்சலுக்கும் ஒரே மாத்திரை கொடுக்கிற மாதிரி. யாருக்கும் இதனால் கெடுதல் இல்லை என்றுதான் அவள் நினைத்தாள். நினைத்தாள் என்று சொல்வதுகூட அதிகம். அனுப்பிவிட்டு விரிப்பு மடிக்கப் போய்விட்டாள்.

சனிக்கிழமை மூன்று மணிக்குக் கடையின் பின்னறையில் ஒன்பது பேர் இருந்தார்கள். வாசலில் பாதி உருகிய பனி சேறாகக் கிடந்ததால் எல்லோர் பூட்ஸும் ஒரு மூலையில் குவிந்திருந்தது. யாரோ ஒரு பை நிறைய, வெங்காயம் தூவிய கோனி ஹாட்டாக் வாங்கி வந்திருந்தார்கள். அறையெங்கும் வெங்காய வாசனை.

முதலில் ஓடெலின் முறை. சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்து, ஸ்பீக்கர் கேபிளைத் தன் பேட் பெட்டியில் சொருகினார். ஆர்கன் வந்தது. பிறகு டிரம். டக், டக் என்று அளவெடுத்து அடித்த ஆணி மாதிரி ஒவ்வொரு தட்டும் அதனதன் இடத்தில் விழுந்தது. குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. கேட்கவும் ஒன்றுமில்லை.

பீட் முடிந்தது. பெர்னீட்டா கோனியைக் கீழே வைத்தாள்.

"புதன்கிழமை ஏத்தினது இது இல்லையே ஓடெல்."

"அதேதான். சரி பண்ணிட்டேன்."

"என்னத்த சரி பண்ணினே? அதுல டிரம் ஒரு நூல் பின்னாடி விழுமே. இப்ப வரும், இப்ப வரும்னு காத்துட்டே இருப்போம், சாவகாசமா வந்து விழும். நான் பாத்திரம் கழுவிட்டே கேட்டேன். கையில தட்டு அப்படியே நிக்குது, தண்ணி பாட்டுக்கு ஓடுது. எங்க வீட்டுக்காரரு வந்து குழாயை மூடினாரு."

"நானும் கேட்டேன்," என்றார் வெண்டல். "இந்த ரூமுக்கு வந்ததிலேயே அதுதான் உருப்படியான டிரம்னு நினைச்சேன். இன்னிக்கு எல்லாருக்கும் போட்டுக் காட்டணும்னு இருந்தேன். பழசை எடுத்துப் போடு."

ஓடெல் தலையைச் சொறிந்தார். "பழசு இல்லை. அதே ஃபைல்ல மாத்தி, அதே பேர்ல சேவ் பண்ணிட்டேன். குரூப் பக்கத்துலயும் பழசை அழிச்சிட்டுத்தான் இதை ஏத்தினேன்."

அறையில் ஒரு முனகல் எழுந்தது. புதுசாகப் பீட் போடுகிற ஒவ்வொருவரும் ஒரு தடவையாவது செய்கிற முட்டாள்தனம் இது. யாராவது தரவிறக்கி வைத்திருக்கிறார்களா என்று வெண்டல் கேட்டார். கேட்கும்போதே அவருக்குப் பதில் தெரியும். அடுத்தவர் பீட்டை இறக்கி வைத்துக்கொள்கிறவனைத் திருடன் என்றுதான் இந்தக் கூட்டத்தில் சொல்வார்கள். யாரிடமும் இல்லை.

"எவன்டா உனக்கு அதை மாத்தச் சொன்னது?" என்றார் வெண்டல்.

"ஷாரீஸ் தங்கச்சிதான் சொல்லிச்சு." ஓடெல் அவளைப் பார்த்துச் சிரித்தார். அதில் குத்தல் ஒன்றும் இல்லை. "ரெண்டு மாசத்துல எனக்கு இன்ன இடத்துல இன்னது தப்புன்னு சொன்ன ஒரே ஆளு. ராத்திரியே உக்காந்து மாத்திட்டேன்."

எல்லாத் தலையும் அவள் பக்கம் திரும்பியது. உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் கிடைக்காது. கேட்கவில்லை, மன்னித்துவிடுங்கள் என்றால் முடிந்தது. வெண்டல் ஒரு மாதம் ஸ்பீக்கரைப் பிடுங்கியிருப்பார், அவ்வளவுதான். ஆனால் அவளுடைய பீட்தான் அடுத்தது. வாய் தானாகத் திறந்தது.

"எனக்கென்னவோ டிரம் தள்ளாடுற மாதிரி இருந்துச்சு. அவங்கவங்க காது, இல்லையா?"

"அது சரி," என்றாள் பெர்னீட்டா. சொன்ன விதத்தில் சரி இல்லை.

பிறகு ஷாரீஸின் பீட் ஓடியது. ஏழு மாதம் எதற்காகக் காத்திருந்தாளோ அது அப்போதுதான் நடந்தது, ஆனால் அவளால் ஒரு வார்த்தையைக்கூட உள்ளே வாங்க முடியவில்லை. ஆள் ஆளுக்குப் பேசினார்கள். கடைசியாக ஓடெல் சட்டைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து விரித்தார். சமையலறைச் சரக்குப் பட்டியலின் பின்பக்கம் முழுக்கக் குட்டிக் குட்டி எழுத்து.

"பஸ்ஸுல போய்வர நாலு நாள் கேட்டேன் தங்கச்சி. நாப்பதாவது விநாடியில பியானோ ரெண்டாவது தடவை வரும்போது நாற்காலி கிறீச்சுங்குது. அதை எடுத்துராத, ஒரு மனுஷி உக்காந்து வாசிக்குறான்னு அப்பதான் தெரியுது. ஆனா அந்த இடத்துல பேஸ் எதுக்கு? பியானோ பேசும்போது அதுவும் பேசுது. அதை மட்டும் வாயை மூடச் சொல்லு."

அத்தனையும் சரி. அவளுக்கு இதுவரை யாரும் சொல்லாதது. "தேங்க்ஸ்ணே" என்று காகிதத்தைப் பார்த்தபடி சொன்னாள்.  இந்த மனிதர் நாலு நாள் தன்னைக் கேட்டிருக்கிறார், தான் நாலு நிமிடம்கூடக் கொடுக்கவில்லை.

கூட்டம் கலைந்ததும் அவர் பின்னாலேயே போனாள். பஸ் நிறுத்தத்தின் கண்ணாடித் தடுப்புக்குள் ஓடெல் பேட் பெட்டியை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். பேட்டரியில் ஓடுகிற சின்னப் பெட்டி.

"அண்ணே, நான் அப்படி எழுதியிருக்கக் கூடாது. என் தப்புதான்."

"அட, விடு. மனசுல பட்டதைத்தானே சொன்னே. சொல்லாம முதுகுல தட்டுறவங்களை வச்சு என்ன பண்றது?" அவர் நகர்ந்து இடம் விட்டார். "நீ வந்ததும் நல்லதாப் போச்சு, உக்காரு. அதைத் திரும்பப் பிடிக்கலாம்னு பாக்குறேன்."

ஹெட்போனின் ஒரு காதை அவளிடம் கொடுத்துவிட்டு, ஆர்கனை ஓடவிட்டுத் தட்டினார். டக், டக். நேராக விழுந்தது. நிறுத்தினார். கையை உதறிக்கொண்டு மறுபடி தட்டினார். மறுபடியும் நேர். மூன்றாவது தடவை வேண்டுமென்றே தாமதித்தார். தடுக்கி விழுகிற மாதிரி இருந்தது.

"பாத்தியா? முன்னாடி நான் யோசிச்சதே கிடையாது, கை அதுபாட்டுக்குப் போகும். இப்ப கை பின்னாடி போனாலே தாமதம், தாமதம்னு உள்ள ஒரு குரல் கேக்குது. உடனே இழுத்துப் பிடிச்சிடறேன்." சிரித்தார், ஆனால் முகத்தில் கவலை வந்துவிட்டது. "நீதான் அதைக் கண்டுபிடிச்சவ. பெர்னீட்டா சும்மா நல்லாருந்துச்சுன்னுதான் சொல்லுவா. எவ்வளவு பின்னாடி விழுந்துச்சு? என் தோள்ல தட்டிக் காட்டேன்."

தோளைச் சாய்த்துக் காத்திருந்தார். ஷாரீஸ் கையைத் தூக்கினாள். எங்கே தட்டுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. எதையாவது தட்டிவைக்கலாம், நம்பிவிடுவார். அந்த நம்பிக்கைதான் அவளைக் கொன்றது. கையை இறக்கினாள்.

"நான் முழுசாக் கேக்கலண்ணே. பதினோரு விநாடிதான் கேட்டேன். எனக்கு ஸ்பீக்கர் வேணும்னு எழுதிப் போட்டுட்டேன். உள்ள எல்லாரும் பாத்தப்பவும் பொய்தான் சொன்னேன்."

 ஓடெல் பெட்டியின் திரையைப் பார்த்து, கடையில் போட்ட பீட்டை முதலிலிருந்து ஓடவிட்டார். விநாடி எண் ஏறிக்கொண்டே வந்தது. பத்து. பதினொன்று. ஆர்கன் மட்டும்தான். பதினாறில் முதல் டிரம் விழுந்தது. அவர் நிறுத்தினார்.

"நீ டிரம்மையே கேக்கலை."

"இல்லண்ணே."

பஸ் வந்து, கதவைத் திறந்து, யாரும் ஏறாததால் மூடிக்கொண்டு போனது. ஓடெல் தன் வலது கையை மடியில் திருப்பிப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். திட்டுவார் என்று அவள் எதிர்பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலை.

"அப்ப அது நல்லாத்தான் இருந்துச்சா?" என்று கேட்டார்.

"தெரியாதுண்ணே," என்றாள் ஷாரீஸ்.