தாழ்வாரத்தில் பெயர் கூப்பிட்டவன்

வாண்டாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. டேட்டன் நகர நீதிமன்றத் தாழ்வாரத்தில் பெஞ்சு போட்டுத்தான் இருந்தார்கள். அவளோ நின்றாள், நடந்தாள், குழாயை அழுத்தி ஒரு வாய்த் தண்ணீர் குடித்தாள், மறுபடி நின்றாள். பள்ளிப் பேருந்து ஓட்டி உட்கார்ந்தே பழகிய உடம்பு இன்று சொன்ன பேச்சைக் கேட்கவில்லை.

எப்போதோ கார் கியர்பாக்ஸ் போனபோது கிரெடிட் கார்டில் தேய்த்த பணம். அப்போதிருந்த வேலை போய், கட்ட முடியாமல் நின்றுவிட்டது. கார்டு கொடுத்த வங்கியே அவளை மறந்துவிட்டது. போன மாதம், கேள்விப்பட்டே இராத ப்ளூ ஹெரான் என்றொரு கம்பெனி, அந்தக் கடனை விலைக்கு வாங்கிவிட்டோம் என்று வழக்குப் போட்டது. கடனைக்கூடக் காய்கறி மாதிரி மொத்தமாக வாங்குகிறார்கள், என்ன பிழைப்போ! தோற்றால் சம்பளத்தில் கால்வாசியைப் பிடித்துக்கொள்வார்கள். அப்புறம் வீட்டு வாடகைக்கு எங்கே போவது?

"ஏம்மா, கொஞ்சம் உக்காரேன். உன்னப் பாத்தா எனக்குத் தலை சுத்துது" என்றார் பெஞ்சிலிருந்த கிழவர். லீராய் டிபெட்ஸ் என்று பெயர். காது மந்தம். அவர்மேலும் அதே கம்பெனிதான் வழக்குப் போட்டிருந்தது.

"மத்தியானம் பஸ் எடுக்கணும் பெரியவரே. பிள்ளைங்க வாசல்ல நிக்கும். ஒரு நாள்கூட நான் லேட்டாப் போனதில்ல."

நீலக் கோட்டுப் போட்ட ஒருவன் கையில் தாள்களோடு வந்து, "லீராய் டிபெட்ஸ்!" என்று அதிகாரமாகக் குரல் கொடுத்தான். கிழவருக்குக் கேட்கவில்லை. வாண்டா அவர் தோளை இடித்தாள்.

"கோர்ட்டுல கூப்பிடறாங்க, எழுந்திருங்க. சொல்றதுக்கெல்லாம் சரின்னு சொல்லுங்க. எதுத்துப் பேசினா அவங்களுக்குப் பிடிக்காது."

கிழவர் போன வேகத்தில் சிரித்துக்கொண்டே திரும்பினார். "மாசம் அம்பது டாலர் கட்டினாப் போதுமாம்! கையெழுத்துப் போட்டாச்சு. தங்கமான மனுஷன், பேனாகூட அவரே குடுத்தாரு." தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அடுத்து அவன் வாண்டாவின் பெயரைக் கூப்பிட்டான். சன்னலோரம் ஒரு தாளை நீட்டினான். "இங்க ஒரு கையெழுத்து மேடம். நீங்க வேலைக்குப் போயிடலாம்."

"ஜட்ஜைப் பாக்க வேண்டாமா?"

"எதுக்கு அவங்களுக்குத் தொந்தரவு?"

வாண்டா பேனாவை வாங்கினாள். அப்போது நீதிமன்ற அறைக் கதவு திறந்து, சட்டையில் கோர்ட்டு வில்லை குத்திய பெண்மணி எட்டிப்பார்த்தாள். "வாண்டா க்ரூப்ஸ்கி! வந்திருக்காங்களா?"

ஒரே கோர்ட்டு ஒரே பெயரை இரண்டு தடவை கூப்பிடுமா?

"அப்ப நீங்க யாரு?" என்றாள் வாண்டா.

"ப்ளூ ஹெரான் வக்கீல். கோர்ட்டு ஆளுன்னு நான் எப்பச் சொன்னேன்?"

சொல்லவில்லைதான். அந்தக் கோட்டும் குரலும் அவனுக்காகச் சொல்லிவிட்டன. வாண்டாவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பேனாவை அவன் சட்டைப் பையிலேயே சொருகிவிட்டு உள்ளே போனாள்.

நீதிபதியம்மா ஒரே கேள்விதான் கேட்டார். "இந்தக் கடன் உங்க கம்பெனிக்கு வந்ததுக்கு என்ன ஆதாரம்?"

"இன்னும் வந்து சேரல, யுவர் ஆனர்" என்றான் நீலக்கோட்டு.

"போன தடவையும் இதையே சொன்னீங்க. வழக்கு தள்ளுபடி."

வாண்டாவுக்குச் சந்தோஷத்தில் கால் தரையில் பாவவில்லை. வாசல்வரை வந்ததும் லீராயின் தொப்பி போட்ட தலை நினைவுக்கு வந்தது. போய்யா போ என்று இடித்து அனுப்பியது யார்? அவள்தானே! வில்லைக்காரப் பெண்மணியிடம் ஓடினாள்.

"அந்தப் பெரியவர் கையெழுத்துப் போட்ட தாளை ஜட்ஜ் இன்னும் பாக்கல" என்றாள் அவள். "மத்தியானத்துக்குள்ள பெரியவரே வந்து வேணாம்னு சொன்னா உண்டு."

நிறுத்தத்தில் லீராய் பேருந்தில் ஏறிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "நீ மட்டும் இடிக்கலேன்னா கோட்டை விட்டிருப்பேன்மா. நல்லா இருப்பே."

அதைக் கேட்டதும் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. படியில் ஒரு காலை வைத்தாள்.

"ஏறு, இல்ல எறங்கு!" என்று கத்தினான் ஓட்டுநர்.

"நானும் பஸ் ஓட்டறவதான். என் கால் இங்க இருக்கற வரைக்கும் நீ கதவ மூட மாட்டே." கிழவரின் காதருகே போய்க் கத்தினாள். "அவன் கோர்ட்டு ஆளில்ல! எதிராளி! நான்தான் தப்பாச் சொல்லிட்டேன். வாங்க, உள்ள போய் நிப்போம்."

"கோர்ட்டு இல்லையா?" கிழவர் விழித்தார். "பேனா குடுத்தானேம்மா!"

வாண்டா அவர் கையைப் பிடித்து இறக்கினாள். இன்னொரு கையால் டிப்போவுக்குப் போன் போட்டாள்.

"வாண்டா பேசறேன். என் வண்டிய வேற யாரையாவது எடுக்கச் சொல்லுங்க" என்றாள்.