மூடியிருந்த வால்வு

"மேடம், திட்டாதீங்க. கேஸ் வால்வைத் திறக்கவே மறந்துட்டேன்," என்றாள் ஆராய்ச்சி மாணவி.

பேராசிரியை கருவியின் திரையைப் பார்த்தாள். மெத்தனாலுக்கான கோடு வழக்கம்போல மலை மாதிரி எழும்பியிருந்தது. கரியமில வாயுவை வெளிச்சத்தில் மெத்தனாலாக மாற்றும் வினையூக்கிப் பொடி, அவள் இளமையையெல்லாம் தின்று வளர்ந்தது. நாளை மறுநாள் தொழிற்சாலைக்காரர்கள் அதைப் பார்க்க வருகிறார்கள். வாயுவே உள்ளே போகாதபோது இது எங்கிருந்து வந்தது?

"அரிசியே போடலை, சோறு வெந்திருக்கு மேடம்!"

பேராசிரியைக்குச் சிரிப்பு வரவில்லை. கோபமும் வரவில்லை.

"வால்வு கசிஞ்சிருக்கும்."

சிலிண்டரையே கழற்றி வெளியே வைத்துவிட்டு, எதனோடும் வினைபுரியாத ஆர்கான் வாயுவை நிரப்பி ஓட்டினார்கள். மலை எழும்பியது. பொடி இல்லாமல் ஓட்டிப் பார்ப்பது அவர்கள் வழக்கம். வாயு இல்லாமல் ஓட்டிப் பார்க்க இத்தனை காலம் யாருக்கும் தோன்றியதில்லை. பொடி தயாரிக்கும்போது ஊற்றும் கரைப்பான் அதன் துளைகளில் கொஞ்சம் தங்கும். கழுவினால் போய்விடும் என்று நம்பியிருந்தாள். போகவில்லையோ? அது வெளிச்சத்தில் உடைந்து தந்த மெத்தனாலைத்தான் இவ்வளவு நாளும் அளந்தாளோ?

வீட்டில் கணவர் எட்டிப் பார்த்தார். "என்ன, கப்பல் கவுந்த மாதிரி உக்காந்திருக்கே? நம்ம மூத்தவளுக்கு உடம்பு சரியில்லையா?" பொடியை அவர் அப்படித்தான் சொல்வார்.

"அவ நம்ம பொண்ணுதானான்னே தெரியலைங்க."

அவர் விளக்கம் கேட்கவில்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

மறுநாள், தங்கிய கரைப்பான் எரிந்துபோகட்டும் என்று உலையில் நன்றாகச் சுட்டெடுத்த பொடியின் மேல் வாயுவைத் திறந்துவிட்டார்கள். திரையில் ஒரு சின்ன மேடு எழுந்தது.

"இருக்கு மேடம்!" மாணவி கைதட்டினாள்.

"வாயுவிலேர்ந்து வந்ததா, எரியாம ஒட்டிக்கிட்ட மிச்சமா?"

மாணவியின் கை அந்தரத்தில் நின்றது. "உங்களுக்கு என்ன தோணுது?"

"காலையில ஒண்ணு தோணுச்சு. இப்ப வேற தோணுது."

பேராசிரியை தொழிற்சாலை மேலாளரை அழைத்தாள். "நாளைக்கு வர வேண்டாம் சார்."

"ஏன் மேடம், வேலை செய்யலையா?"

அவள் திரையிலிருந்த அந்தச் சின்ன மேட்டைப் பார்த்தாள்.

"செய்யுது," என்றாள். "என்ன செய்யுதுன்னுதான் தெரியலை."