சரக்கு ரயில் இல்லாத வாரம்

முப்பத்தொன்று புள்ளி இரண்டு விநாடி என்கிறான் ஹோகன், குரலில் ஒரு சந்தேகமும் இல்லாமல், இது எத்தனையாவது தடவை, ஐந்தாவது, இல்லை ஆறாவது, ஒவ்வொரு தடவையும் முப்பத்தொன்றுக்கு இந்தப் பக்கம் அந்தப் பக்கம்தான், அதுதான் பெர்னிலாவுக்கு உதைக்கிறது, ஏனென்றால் இன்றைக்கு முப்பத்தொன்று வரக்கூடாது, நாற்பத்து நாலு வரவேண்டும்... வரவேண்டும் என்று யார் சொன்னது? அவளுடைய மாதிரி சொன்னது, மேல்மாடியில் கணினிக்குள் இரண்டு லட்சம் உருண்டைகளை ஒன்றோடொன்று உரசவிட்டு, ஒட்டவிட்டு, ஒரு புனலில் கொட்டி, அடி ஓட்டை வழியாக எத்தனை விநாடியில் வடிகிறது என்று பதினாலு மாதமாக அவள் பார்த்துக்கொண்டிருக்கும் மாதிரி. கீழே இந்த அறையில் ஹோகன் அதையே நிஜப் பொடியில் செய்கிறான். ஐம்பது கிராம் டைட்டானியம், பார்த்தால் வெறும் சாம்பல் மாவு. இடதுகை விரலால் புனலின் அடி ஓட்டையை அடைப்பான், ஸ்டாப்வாட்ச் பிடித்த வலதுகையைப் புனல் நிற்கும் ஸ்டாண்டின் மேல் அப்படியே வாகாகச் சாய்த்துக்கொள்வான், விரலை எடுத்ததும் ஓர் அமுக்கு, கடைசிப் பொடி விழுந்ததும் ஓர் அமுக்கு. இந்தப் பொடியைத்தான் அச்சு எந்திரத்தில் தலைமுடியைவிட மெல்லிய அடுக்குகளாகப் பரப்பி, லேசரால் உருக்கி, யாரோ ஒருவருடைய இடுப்பு மூட்டாக எழுப்பப்போகிறார்கள். பொடி ஒட்டிக்கொண்டு மெதுவாக வடிந்தால் அடுக்கில் கோடு விழும், கோடு விழுந்தால் மூட்டுக்குள் பொத்தல். பொடி நன்றாக ஓடுகிறது என்று மதியம் பன்னிரண்டுக்குள் அவளும் ஹோகனும் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும், பிரிவுத் தலைவி சிசீலியா நேற்றே இரண்டு முறை ஞாபகப்படுத்திவிட்டாள்.

போன வருஷம் செப்டம்பரில் நாற்பத்தொன்று. ஜனவரியில் முப்பத்தெட்டு. வசந்தத்தில் முப்பத்தைந்து. இப்போது நவம்பர், முப்பத்தொன்று. ஒரே பொடி, ஒரே டப்பா, வாய் அடைத்து சீல் வைத்த டப்பா, அதற்குள் உட்கார்ந்துகொண்டு பொடி மாதாமாதம் சுறுசுறுப்பாகிக்கொண்டே போகுமா என்ன? முதலில் ஈரப்பதம் என்றாள், அடுப்பில் காயவைத்துப் பார்த்தார்கள், அசையவில்லை. சல்லடை என்றாள், புதுச் சல்லடை வாங்கினார்கள். அப்புறம் ஈஸ்டர் விடுமுறைக்கு முந்தின நாள், கட்டடத்துக்குப் பின்னால் எஃகு ஏற்றிப்போகும் சரக்கு ரயில் கடகடத்தபோது, அடடா இதுதான் என்று பழியைத் தூக்கி ரயில்மேல் போட்டுவிட்டாள். மாதிரிக்குள் ஓர் அதிர்வைச் சேர்த்தாள், விநாடிக்கு ஐந்து முறை, ரொம்பச் சின்ன நடுக்கம், புனல் லேசாக ஆடினால் பொடி ஒட்டாமல் சீக்கிரம் இறங்கும்தானே... பொருந்தியது, வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி பொருந்தியது. மாதாமாதம் அதிர்வைக் கொஞ்சம் கூட்டினால் போதும், எல்லா எண்களும் வரிசையில் வந்து நின்றன. கோப்பில் அதற்குப் பெயர்கூட 'ரயில்'. தரையில் ஒரு அதிர்வுமானி வைத்துப் பார்க்கப் பத்து நிமிஷம் ஆகும், அது பக்கத்து அறை அலமாரியில்தான் இருக்கிறது, ஏன் வைக்கவில்லை? நேரம் இல்லையா, ஏழு மாதமாகவா?

இந்த வாரம் ரயில் கிடையாது. தண்டவாளம் மாற்றுகிறார்கள், திங்கள் முதல் வெள்ளி வரை ஒரு பெட்டிகூட ஓடாது, காலையில் காரில் வரும்போது கிராசிங்கில் அறிவிப்புப் பலகையைப் பார்த்து ஹோகன்தான் சிரித்தான், "உன் ரயிலுக்கு லீவு விட்டுட்டாங்க பாரு". அவளும் சிரித்தாள். சிரித்துவிட்டு மேலே போய் ரயிலை அணைத்து ஓட்டினாள், நாற்பத்து நாலு என்றது மாதிரி. சரி, இன்றைக்கு நிஜமும் அதைத்தானே சொல்லவேண்டும் என்று லேப் கோட்டை மாட்டிக்கொண்டு இறங்கி வந்தால், முப்பத்தொன்று, முப்பத்தொன்று, முப்பத்தொன்று.

"என்ன, கணக்கு டீச்சர், மூஞ்சி ஏன் இப்படிப் போகுது?" முகமூடிக்கு மேலே கண் மட்டும்தான் தெரிகிறது, ஓரத்தில் சுருக்கம் விழுந்தால் சிரிக்கிறான் என்று அர்த்தம், ஆறு வருஷக் கல்யாணத்தில் அவள் கற்றுக்கொண்ட முதல் பாடம் அது. இரண்டு பேருக்குமே இரண்டாவது கல்யாணம், நாற்பத்தெட்டு வயதில் இவ்வளவு சிரிப்பு மிச்சமிருக்கும் என்று அவள் எதிர்பார்க்கவே இல்லை.

"ஒண்ணுமில்ல. இன்னொரு தடவை போடு, கிழவா."

"ஏழாவது! ஒன்பதரைக் காபிக்குப் போகலேன்னா நமக்கு ஒரு பன் மிச்சம் வைக்க மாட்டானுங்க, சொல்லிட்டேன். வச்சாலும் பிரயோஜனமில்ல. அந்த பேக்கரிக்காரன் இப்பல்லாம் ஏலக்காயே போடறதில்ல."

ஏலக்காய் போடுகிறான். போன வாரம் அவள் தின்ற பன்னில் ஏலக்காய் மூக்கைத் துளைத்தது, அவன் மூக்குக்குத்தான் எட்டவில்லை, ஆனாலும், ஆமாம் கஞ்சப்பயல் என்று இவளும் ஒத்து ஊதினாள், எதற்கு ஊதினாள்... இதற்கும் ஒரு பெயர் வைத்தாள், பேக்கரி. குறிப்பு நோட்டில் அவன் எழுத்து வரவர எறும்பு மாதிரி சின்னதாகிக்கொண்டே போகிறதே, அதற்குப் பெயர் சிக்கனம், தாளை மிச்சம் பிடித்து என்னத்தைக் கட்டப்போகிறாய் என்று கேலி செய்தாள். ஏரிக்கரையில் நடக்கும்போது வலதுகையை வீசாமல் உடம்போடு ஒட்டிக்கொண்டு வருகிறானே, அதற்குப் பெயர் குளிர். காபிக் கோப்பையை அரைவாசிதான் நிரப்புகிறான், டாக்டர் குறைக்கச் சொன்னாராம், எந்த டாக்டர், எப்போது? வித்தியாசம் வந்தால் அதற்கு ஒரு பெயர் வைத்து உள்ளே ஓரிடத்தில் செருகிவிடுவது அவளுடைய தொழில், அந்தத் தொழிலில் அவள் கெட்டிக்காரி, சம்பளம் கொடுக்கிறார்கள் அதற்கு. விநாடிக்கு ஐந்து முறை. எந்தச் சரக்கு ரயில் விநாடிக்கு ஐந்து முறை நடுங்கும்? நாள் பூராவும், ஒரே தாளத்தில், அவன் ஸ்டாண்டில் கையைச் சாய்க்கும் நேரம் பார்த்து மட்டும்?

அந்தக் கை. கையுறைக்குள் கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் எதையோ உருட்டுகிற மாதிரி, இருக்கிறதா இல்லையா என்று தெரியாத ஓர் அசைவு, வேலை செய்யும்போது இல்லை, சும்மா சாய்ந்திருக்கும்போது மட்டும். அவள் மட்டும் வாயைத் திறக்காவிட்டால் பன்னிரண்டு மணிக்கு அறிக்கை போய்விடும், யாருக்கும் எதுவும் தெரியாது, இன்னும் ஆறு மாதம், ஒரு வருஷம் இப்படியே காபி, பன், கேலி என்று ஓடிவிடும்... எவருடைய இடுப்பிலோ ஒரு பொத்தல். அதைவிட, அதைவிட இவன். பத்தொன்பது வருஷமாக இவன் கை அளந்த எண்ணை இந்தக் கட்டடத்தில் ஒருவரும் திருப்பிக் கேட்டதில்லை, அந்தக் கையைப் போய் எப்படி? ஸ்டாப்வாட்சை இந்தத் தடவை நான் பிடிக்கிறேன் என்று நைசாக வாங்கிக்கொள்ளலாம், பொழுதுபோக்குக்குக் கேட்கிற மாதிரி, அவனுக்குத் தெரியாமலே காரியத்தை முடித்துக்கொள்ளலாம். ஆனால் ஆறு வருஷமாக இவனிடம் அவள் நைச்சியம் பண்ணியதில்லை, இவனை அவளுக்கு அவ்வளவு பிடிக்கும், காலையில் ஷூ கயிறு கட்டும்போது இவன் முனகுகிற பாட்டுக்கூடப் பிடிக்கும், வாய் தானாகத் திறந்தது.

"ஹோகன். அந்தக் கையை எடுத்துட்டுப் பாரேன். ஸ்டாண்டுலேர்ந்து. வாட்ச் நான் பிடிக்கறேன்."

ஸ்டாப்வாட்சை நீட்டினான். வலதுகையைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டான், பொடியை இடதுகையால் அவளே கொட்டினாள், அவன் விரலை எடுத்தான், பொடி இறங்க ஆரம்பித்தது, இருபது, முப்பது, முப்பத்தொன்று, நின்றுவிடு, இங்கேயே நின்றுவிடு சனியனே, முப்பத்தைந்து, இன்னும் கால்வாசி மேலே இருக்கிறது, நாற்பது...

நாற்பத்து மூன்று புள்ளி எட்டு.

முதலில் வந்தது சந்தோஷம், நினைத்தால் கூசுகிறது, அரை விநாடி நெஞ்சு துள்ளிவிட்டது, என் மாதிரி சரி, பதினாலு மாதமும் சரி, ஒட்டுகிற பொடி இது, எந்திரத்தில் போட்டால் கோடு விழும் என்று முதல் நாளிலிருந்து அது தலைதலையாக அடித்துக்கொண்டிருக்கிறது... அப்புறம்தான் அவனுடைய கோட்டுப் பை கண்ணில் பட்டது. ஸ்டாப்வாட்சை மேசையில் வைத்தாள்.

"ஜெயிச்சுட்ட, டீச்சர்," என்றான். கண் ஓரத்தில் சுருக்கம் விழுந்தது, கொஞ்சம் தாமதமாக.

"அறிக்கை இன்னிக்குப் போகாது. சிசீலியாகிட்ட நான் பேசிக்கறேன்."

"பேசு."

"டாக்டர்கிட்ட நானும் வருவேன். வரவேணாம்னு சொன்னே, கொன்னுடுவேன்."

"யாரு வேணாம்னா? கார் யாரு ஓட்டறது அப்புறம்," என்று சொல்லிக்கொண்டே நோட்டை இழுத்து, பையிலிருந்து கையை எடுத்து, அந்தக் கையாலேயே எறும்பு எறும்பாக எழுதுகிறான், நாற்பத்து மூன்று புள்ளி எட்டு. அவளுக்கு அந்தக் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும்போல இருக்கிறது, கையுறையோடு பிடிக்கக்கூடாது, பொடி ஒட்டும், காத்திருக்கிறாள். காத்திருக்கும்போதுதான் உறைக்கிறது, இவன் ஏன் என்று கேட்கவில்லை. ஸ்டாண்டை ஒரு விரற்கடை நகர்த்தினாலே எதற்கு, யாரைக் கேட்டு என்று குடைந்து எடுப்பவன், கையை எடு என்றதும் எடுத்தான். தெரிந்திருக்கிறது. எப்போதிலிருந்து? மறைக்க நினைத்திருந்தால் முப்பத்தொன்றை நாற்பது என்று எழுத எவ்வளவு நேரம் ஆகும், எவன் வந்து சரிபார்க்கப்போகிறான், ஒன்றைக்கூட மாற்றவில்லையே, நாற்பத்தொன்று, முப்பத்தெட்டு, முப்பத்தைந்து, எல்லாம் உள்ளது உள்ளபடி. மாதக் கடைசியில் நோட்டைத் தானே மேல்மாடிக்கு எடுத்து வருவான், அவள் மேசையில் விரித்து வைப்பான், வைத்துவிட்டு உடனே போகமாட்டான், ஜன்னலைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பான், அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே, காபி வேணுமா, நீ போ, நான் பின்னாலேயே வர்றேன் என்று அனுப்பிவிடுவாள்... பதினாலு மாதம், பதினாலு தடவை, எதற்காக நின்றான்?