தமயந்தியின் பின்னால் வந்த கால்வாய்

தமயந்தி மாசி என்ற புறநகரிலிருந்து அதே நகரத்தின் எப்சமுக்கு வீடு மாறிய மறுநாள் காலை, மாசிக் கால்வாயும் எப்சமுக்கு வந்து சேர்ந்தது. முந்தைய மாலை வரை பின்வேலிக்கு அப்பால் அயலவர்கள் கார் விடும் சிமெந்துப் பாதை இருந்தது. சனிக்கிழமை விடிந்தபோது அங்கே தேத்தண்ணி நிறத்தில் தண்ணீர் நின்றது. கரையோரப் புற்கள், வாத்துகள், அடியில் துருப்பிடித்துக் கிடந்த சூப்பர்மார்க்கெட் தள்ளுவண்டி என்று எதையும் அது விட்டுவிட்டு வரவில்லை. பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற பல் வைத்தியர் தன் கார் அக்கரையில் நிற்பதைக் கண்டு கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு டாக்ஸி பிடித்துப் போய் ஒரு சின்னப் படகு வாங்கி வந்தார். மாசியில் கால்வாய் இருந்த இடத்தில் ஒரு நீளமான பள்ளமும், அதில் இளம் புல்லும் மிஞ்சின.

தமயந்தி ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்தாள். கணவன் யசீகரன் பஸ் ஓட்டினான். மாசியில் இருந்த வருடங்களில், வேலை இல்லாத ஒவ்வொரு காலையும் அவள் மடக்கு நாற்காலியையும் தூண்டிலையும் இரைக்கு ஒரு டின் ஸ்வீட்கார்னையும் எடுத்துக்கொண்டு கால்வாய்க்குப் போய்விடுவாள். அங்கே டெஞ்ச் இருந்தது, ரட் இருந்தது, கோடு போட்ட பேர்ச் இருந்தது. கறிக்கு ஆகிற மீன் ஒன்றுமில்லை. அவளுக்கு மீன் தேவையும் இல்லை. மிதப்பு அசையாமல் நிற்கும் அந்த நேரம் பிடித்திருந்தது. அது ஒருமுறை நடுங்கி, கொஞ்சம் சாய்ந்து, பிறகு ஏதோ நினைவு வந்ததுபோல் தண்ணீருக்குள் போகிற கணம் அதைவிடப் பிடித்திருந்தது. எல்லாவற்றையும்விட, முள்ளைக் கழற்றிய டெஞ்சைத் தண்ணீருக்குள் இரு கைகளாலும் பிடித்திருக்க, அது மூச்செடுத்து, வழுக்கிக்கொண்டு போகிற விதம். யசீகரனுக்கு மாசியில் இருந்தவரை இது விளங்கவில்லை.

"பிடிச்சதைத் திருப்பி விடுறதெண்டால் என்னத்துக்குப் பிடிக்கிறாய்?" என்று கேட்பான்.

"நீங்களும்தானே ஆக்களை ஏத்தி இறக்கி விடுறியள். வீட்டையா கூட்டிக்கொண்டு வாறியள்?" என்பாள் அவள்.

எப்சமுக்கு மாறியது மகள் பிரணவியின் பள்ளிக்கூடத்துக்காக. அந்தத் தெருவில் இருந்தால்தான் இடம் கிடைக்கும். தமயந்தி ஒரு வார்த்தை எதிர்த்துச் சொல்லவில்லை. கடைசி மாலையில் கைவலையைக் கழுவிக் காயப்போட்டுவிட்டு, தண்ணீரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். அவ்வளவுதான் நடந்தது. நகரசபையிலிருந்து வந்த அதிகாரியிடமும் அதையே சொன்னாள். அவர் அகலத்தை அளந்தார், ஆழத்தை அளந்தார், கால்வாய் இடம்பெயர அனுமதி வேண்டும் என்றார். யார் விண்ணப்பிக்க வேண்டும் என்று கேட்டதற்கு, கால்வாய்தான் என்று சொல்லிவிட்டு, ஒரு வாத்தைப் படம் எடுத்துக்கொண்டு போனார்.

அடுத்த வாரம் ராம்பிரசாத் வந்தான். மாசியில் எதிர்க்கரையில் உட்கார்ந்து மீன் பிடிப்பவன். திருச்சிக்காரன், ஐடியில் வேலை. மனைவி பிரிந்து போனபின், அவன் சனி ஞாயிறுகளில் போக்கிடமாக வைத்திருந்தது அந்தக் கரை ஒன்றைத்தான். இத்தனை வருடங்களில் இருவரும் தலையசைப்பதற்கு மேல் பேசியதில்லை. இரண்டு பஸ் மாறி, தூண்டிலைத் தோளில் வைத்தபடி வந்து வாசலில் நின்றான். கண் கலங்கியிருந்தது.

"ஏங்க, நீங்க வீடு மாறுங்க, வேணாங்கல. கால்வாய எதுக்குங்க கூட்டிட்டு வந்தீங்க?"

"நான் கூட்டிக்கொண்டு வரேல்லை அண்ணா. அது தானா வந்தது."

"அங்க ஒரு பெரியவர் தினமும் நாயோட வந்து அந்தப் பள்ளத்தையே பாத்துட்டு நிக்கிறாரு. நானும் பாத்துட்டு நிக்கிறேன். வேற என்ன பண்றது?"

தமயந்தி அவனுக்குத் தேத்தண்ணி கொடுத்தாள். அவன் குடித்துவிட்டு, பின்வேலிப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, தூண்டிலைப் பிரிக்காமலே போய்விட்டான். அது அவளை மிகவும் வருத்தியது. ஊருக்குப் பொதுவான ஒன்றைத் தன் வீட்டுக்குப் பின்னால் வைத்திருக்கிறோம் என்று கூசினாள். தான் மீன் பிடிக்காவிட்டால் அது திரும்பிப் போய்விடும் என்று கணக்குப் போட்டு, தூண்டிலைக் கராஜில் கொண்டுபோய்ப் போட்டாள். பின்பக்கத் திரைச்சீலையையும் இழுத்து மூடினாள்.

கால்வாய் போகவில்லை. கிட்ட வந்தது. முதல் வாரம் வேலியைத் தாண்டியது, அடுத்த வாரம் உடுப்புக் காயப்போடும் கம்பத்தைச் சுற்றிக்கொண்டது. பிறகு ஒரு காலையில் பிரணவி, "அம்மா, தேர் இஸ் எ ஃபிஷ் இன் த வாஷிங் மெஷின்" என்று பெரிய ஆச்சரியம் எதுவுமில்லாமல் அறிவித்துவிட்டுப் பள்ளிக்கூடம் போனாள். நல்ல பெரிய டெஞ்ச். தமயந்தி அதை வாளியில் எடுத்துப்போய்த் தண்ணீரில் விட்டாள், முகத்தைப் பார்க்காமல். வீட்டு ஏஜன்ட் போன் செய்து, மாதம் முடிவதற்குள் தண்ணீர் போகவேண்டும், இல்லாவிட்டால் குடும்பம் போகவேண்டும் என்றாள். குடும்பம் போனால் பள்ளிக்கூடமும் போகும். அன்று பகல் தமயந்தி குசினியில் கணுக்கால் தண்ணீரில் நின்று வெங்காயம் அரிந்தபடி அழுதாள்.

யசீகரன் மதிய ஓய்வுக்கு வீட்டுக்கு வந்திருந்தான். சப்பாத்தைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, அவளைப் பார்த்தான், தண்ணீரைப் பார்த்தான். தண்ணீர் அவள் கால்களைச் சுற்றி மட்டும் மெல்லச் சுழன்றது.

"இது மாசிக்கும் சொந்தமில்லை, எப்சமுக்கும் சொந்தமில்லை. உனக்குப் பின்னாலதான் திரியுது. நீ மாசிக்குப் போய்த் தூண்டில் போட்டால் அங்க வரும். சனிக்கிழமை நான் லீவு போடுறன்."

அந்தச் சனிக்கிழமை அவர்கள் மாசிக்குப் போனார்கள். ராம்பிரசாத்துக்கும் சொல்லி அனுப்பியிருந்தார்கள். தமயந்தி பழைய இடத்தில் நாற்காலியை விரித்து, முள்ளில் ஒரு சோளமணியைக் குத்தி, பள்ளத்துப் புல்லின் மேல் தூண்டிலை வீசினாள். மிதப்பு புல்லுக்கு மேல் நேராக நின்றது. நாயோடு வந்த பெரியவர் நின்றார். சைக்கிளில் போன இரண்டு பேர் நின்று பார்த்துச் சிரித்தார்கள். யசீகரனுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. என்றாலும், வெயில் ஏறியபோது குடையை விரித்து அவளுக்குப் பிடித்துக்கொண்டு நின்றான். சிரித்தவர்கள் போனார்கள். எதிர்க்கரையில் ராம்பிரசாத் உட்கார்ந்து, தானும் புல்லில் தூண்டிலைப் போட்டான்.

மதியத்துக்குச் சற்று முன்னால் மோட்டர்வேப் பக்கமிருந்து ஹார்ன் சத்தம் கேட்டது. பிறகு வாத்துகளின் சத்தம். தண்ணீர் அவசரமில்லாமல் பள்ளத்துக்குள் வந்து, நாற்காலிக் கால்களை நனைத்து, வழக்கமான உயரத்தில் நின்றது. தமயந்தியின் மிதப்பு நடுங்கியது. அவள் இழுக்காமல் தூண்டிலைக் கணவன் கையில் கொடுத்தாள்.

"நானோ?" என்றான் யசீகரன்.

"ஓம், நீங்கதான். மெதுவா. அவசரப்படுத்தாதேங்கோ."

அவன் குடையைப் போட்டுவிட்டு, பஸ்ஸைச் சந்துக்குள் திருப்புகிறவனின் கவனத்தோடு மீனைக் கரைக்குக் கொண்டுவந்தான். பச்சைப் பொன் நிறத்தில், சிவந்த சின்னக் கண்ணோடு ஒரு டெஞ்ச். தண்ணீருக்குள் அதைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் குந்தியிருந்தான். அது போனபிறகும் கைகளைத் தண்ணீரிலிருந்து எடுக்கவில்லை. எதிர்க்கரையிலிருந்து ராம்பிரசாத், "சூப்பருங்க!" என்று கத்தினான். அன்று பொழுதுபடும்வரை யசீகரன் தூண்டிலைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

அதிலிருந்து ஏற்பாடு அப்படியே ஆகிவிட்டது. வேலைநாட்களில் கால்வாய் எப்சமில் பின்வேலிக்கு அப்பால் கிடக்கிறது. தமயந்தி வேலைக்குப் போகுமுன் அதில் ஒருமுறை தூண்டிலைப் போட்டுவிடுவதால் வீட்டுக்குள் வருவதில்லை. பல் வைத்தியருக்குப் படகு பழகிவிட்டது. அவர் காரை விற்றுவிட்டார். ஏஜன்ட் அடுத்த வீட்டுக்கான விளம்பரத்தில் தண்ணீர் தெரியும் வீடு என்று போட்டாள். வெள்ளி மாலை தமயந்தியும் யசீகரனும் இரண்டு மடக்கு நாற்காலிகளோடு மாசிக்குப் புறப்பட்டு, ஞாயிறு மாலை திரும்புவார்கள். பிரணவி சில வாரம் வருவாள், சில வாரம் தோழி வீட்டில் நிற்பாள். இரவுகளை ராம்பிரசாத்தின் வீட்டில் கழிப்பார்கள். இடியப்பமும் சாம்பாரும் ஒரே மேசைக்கு வரும். கால்வாய் அவர்களின் காருக்குப் பின்னால், இடது பக்க பஸ் பாதையில் வருகிறது. தொடக்கத்தில் பஸ்காரர்கள் முறையிட்டார்கள். யசீகரன்தான் அவர்களிடம் பேசிச் சமாளித்தான். இப்போது ரேடியோவில் போக்குவரத்துச் செய்தியோடு அதையும் சொல்லிவிடுகிறார்கள். குளிர்காலத்து ஞாயிறுகளில் வேளைக்கே இருட்டிவிடுவதால், கால்வாய்க்குப் பின்னால் வரும் கார்கள் கொஞ்சம் இடைவெளி விட்டு, ஹெட்லைட்டைத் தாழ்த்திக்கொண்டு வருகின்றன. மீன்களுக்குக் கண் கூசுமாம்.