பாய்ப்படகுக்கு ஒரு கூரை

ஒரு காலைப் படகிலும் மறு காலைப் படித்துறையிலும் ஊன்றியபடி செல்லதுரை அளவு டேப்பின் நுனியைப் பிடித்துக்கொண்டிருந்தார். மறுமுனை எல்சாவின் கையில் இருந்தது. குன்னூரில் ஜீப்புகளுக்கு ஹூடு என்கிற துணிக்கூரை தைக்கிறவள் அவள். படகுக்குத் தைப்பது இதுதான் முதல் தடவை.

எஸ்டேட் பங்களாவை ரிசார்ட்டாக மாற்றியவர்கள் தேயிலைச் சரிவுக்குக் கீழே இருந்த ஏரியில் அந்தச் சின்னப் பாய்ப்படகை விட்டிருந்தார்கள். முன்பலகையில் விருந்தாளிகள் இரண்டு பேர் உட்காரலாம். பின்னால் சுக்கானைப் பிடித்தபடி செல்லதுரை. போன மாதம் ஒரு பெண்ணுக்கு வெயிலில் முகம் கன்றிப்போக, ரிசார்ட்டைப் பற்றி அவள் நெட்டில் எழுதிவிட்டாள். மடக்குகிற மாதிரி ஒரு கூரை போடும்படி மேனேஜர் கீர்த்திவாசன் சொல்லிவிட்டார்.

அதே கூரையைச் செல்லதுரை இரண்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். தண்ணீரிலிருந்து தெறிக்கும் வெயில் பட்டுப் பட்டு அவருடைய வலது கண்ணில் சதை வளர்ந்து கருவிழியைத் தொட்டிருந்தது. வெயிலில் நிற்கக் கூடாது என்று ஊட்டி டாக்டர் சொல்லியிருந்தார். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு விருந்தாளிகளிடம் பேசுவது மரியாதை இல்லை என்றார் மேனேஜர். வேலையை விட்டால் வேலைக்காகக் கொடுத்திருந்த எஸ்டேட் லைன் வீட்டையும் விட வேண்டும். மகள் ராஜப்ரியா பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள்.

"பின்னால எது வரைக்கும் வரோணுங்கண்ணா?" என்று கேட்டாள் எல்சா.

அவர் சற்றுத் தயங்கினார். "நான் உக்கார்ற எடம் வரைக்கும் வந்தா நல்லா இருக்குங்க."

எல்சா அவருடைய கண்ணைப் பார்த்தாள். நோட்டில் இரண்டடி கூட்டி எழுதிக்கொண்டாள்.

மூன்று அலுமினியக் குழாய்களை வில்லாக வளைத்து, படகின் இரு பக்கமும் கீல் வைத்து மாட்டி, மேலே துணியை இழுத்துக் கட்டினார்கள். முதல் நாள் காற்றுத் திரும்பியபோது பாயின் அடிக்கட்டை சுழன்று வந்து கூரையில் மோத, துணி கிழிந்தது. செல்லதுரை அந்தக் கட்டையைப் பாய்மரத்தில் ஒரு சாண் உயர்த்திக் கட்டினார். எல்சா குழாய்களை நான்கு விரற்கடை அறுத்துக் குறைத்தாள். மூன்றாம் நாள் கட்டை கூரைக்கு மேலே உரசாமல் கடந்துபோனது. ஏரியை ஒரு சுற்று சுற்றி வரும் வரை செல்லதுரையின் கண்ணில் நீர் வடியவில்லை. எதிர்க்கரையில் கொழுந்து எடுக்கும் பெண்களை இரண்டு கண்ணாலும் பார்த்தார். கரைக்கு வந்ததும் எல்சாவிடம் அதைச் சொன்னார்.

மேனேஜர் படித்துறையில் நின்று போனில் படம் எடுத்துப் பார்த்தார். கூரை நன்றாக இருக்கிறது, ஆனால் பின்பகுதி மலையை மறைக்கிறது, படத்தில் விருந்தாளிகளுக்குப் பின்னால் மலை விழ வேண்டும் என்றார். அந்தப் பின்பகுதியை எடுத்துவிடச் சொன்னார்.

"அண்ணனுக்குக் கண்ணு சரியில்லீங்க சார். ரெண்டடிதானுங்க" என்றாள் எல்சா.

அவர் குரலை உயர்த்தவில்லை. "ரிசார்ட் ஜீப் ஆறுக்கும் ஹூடு மாத்தணும்மா. உங்ககிட்டயே குடுக்கலாம்னு இருக்கேன்."

எல்சா தலை குனிந்துகொண்டாள்.

"வெட்டிருங்கம்மா" என்றார் செல்லதுரை. வெட்டு கோணிவிடாமல் இருக்கத் துணியின் இரு முனைகளையும் அவரே இழுத்துப் பிடித்துக்கொண்டார். வெட்டிய துண்டு வீணாக வேண்டாம், மடக்கிய கூரைக்கு அதிலேயே ஒரு உறை தைத்துவிடலாம் என்றார் மேனேஜர். விருந்தாளி இல்லாத நேரத்தில் கூரையை மடக்கி அதில் போட்டுவிட வேண்டும், வெயில் பட்டுத் துணி வெளுத்துவிடக் கூடாது என்றும் சொன்னார்.

மறுநாள் படகேற ஆள் இல்லை. ஆனாலும் சாப்பாட்டு அறை ஜன்னலிலிருந்து பார்த்தால் ஏரியில் பாய் தெரிய வேண்டும் என்பது உத்தரவு. உச்சி வெயிலில் செல்லதுரை காலிப் படகை இக்கரைக்கும் அக்கரைக்குமாக ஓட்டிக்கொண்டிருந்தார். அவருக்கு முன்னால், குழாய்களோடு மடக்கி ஜிப் போட்ட உறைக்குள், கூரை வெயில் படாமல் இருந்தது. அவர் வலது கண்ணை மூடிக்கொண்டு சுக்கானைத் திருப்பினார்.