தண்ணீர் குறைந்தால் ஊதும் சங்கு

முத்துச்செல்வி அந்த எண்ணை மறுபடியும் பார்த்தாள். அது அங்கே இருக்கக் கூடாத எண்.

இலஞ்சியில் அவள் வீட்டு மாடி அறை. ஒரு கணினி, இரண்டு தடித்த கையேடுகள். குற்றாலத்துக்கு மேலே உள்ள ஒரு தனியார் எஸ்டேட்டின் பழைய புரோகிராமைத்தான் அவள் பிரித்துக்கொண்டிருந்தாள். எழுபதுகளில் ஏலக்காய்க் கணக்குக்காக வாங்கிய மெயின்பிரேம் என்ற பெரிய கணினிக்கு யாரோ ஓர் இன்ஜினியர் எழுதியது. அவர் இறந்து பல வருஷம் ஆகிறது. எழுதிய மூலப் பிரதியும் இல்லை. மிஞ்சியது இயந்திரத்துக்கு மட்டும் புரியும் வெறும் எண்கள். கையேட்டைப் பார்த்து ஒவ்வொரு எண்ணையும் மறுபடி கட்டளையாக மாற்றி எழுதித் தர வேண்டும். அதுதான் அவள் வேலை.

இதற்கு நடுவில் இயந்திரமும் மாறியிருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன் வந்த புதுசு, பழையதற்குத் தெரிந்த எல்லாக் கட்டளைகளுக்கும் கீழ்ப்படியும். கூடவே, பழையதற்குத் தெரியாத சில கட்டளைகளும் அதற்குத் தெரியும்.

இந்த எண்ணுக்குப் புதிய கையேட்டில் சாதாரண அர்த்தம்தான். ஓரிடத்தில் உள்ளதை இன்னோரிடத்துக்கு நகலெடு. நேற்றே அப்படி எழுதி முடித்துவிட்டாள். ஆனால் நகலெடுத்ததை அதன்பிறகு எந்தக் கட்டளையும் தொடவே இல்லை. அது உறுத்தியது. பழைய கையேட்டைப் புரட்டினாள். அந்த எண்ணுக்கு நேரே வெற்றிடம்.

பழைய இயந்திரத்துக்குத் தெரியாத எண்ணை அந்த இன்ஜினியர் தெரிந்தே வைத்திருக்கிறார்.

தெரியாத எண் வந்தால் பழைய இயந்திரம் செய்கிற வேலையைப் போட்டுவிட்டு அவசரப் பகுதி ஒன்றுக்குத் தாவும். ஓடுகிறவனைக் காலை நீட்டி விழவைப்பது போல ஒரு தந்திரம். அந்த அவசரப் பகுதியைத் தேடிப் பிடித்தாள். அதில் ஒரே ஒரு வேலைதான் இருந்தது: எஸ்டேட் அருவிக்கரையின் அபாயச் சங்கை ஊது.

எஸ்டேட் மேனேஜர் ஞானசம்பந்தத்துக்கு போன் போட்டாள்.

“சார், உங்க அருவியில சங்கு கடைசியா எப்ப ஊதிச்சு?”

“புது மெஷின் வந்ததுல இருந்து ஊதவே இல்லம்மா. ரெண்டு சீசனா நிம்மதி. முன்னாடியெல்லாம் தண்ணி கொறையுத நேரமாப் பாத்துக் கத்தும். கிறுக்குச் சங்கு!”

தண்ணீர் குறையும் நேரத்தில்.

அவள் எண்களுக்குத் திரும்பினாள். அந்தத் தெரியாத எண்ணுக்கு முன்னால், மலையிலிருந்து கம்பி வழியே இயந்திரத்துக்கு வரும் இரண்டு அளவுகள் இருந்தன. மலையுச்சி மழைமானி. அருவிக்குச் சற்று மேலே ஓடையின் மட்டம். மழை ஏறி, மட்டம் இறங்கினால் அந்த எண்ணில் தடுக்கி விழு.

மழை கொட்டும்போது ஓடை எப்படி இறங்கும்? மேலே எங்கோ மரமும் பாறையும் சரிந்து வழியை அடைத்தால் இறங்கும். அடைப்பு உடையும் வரை இறங்கும்.

சோதனைக்காக எஸ்டேட் இயந்திரத்தோடு அவளுக்கு இணைப்பு கொடுத்திருந்தார்கள். இன்றைய அளவுகளைத் திறந்தாள். மழை ஏறிக்கொண்டிருந்தது. மட்டம் இறங்கிக்கொண்டிருந்தது. புது இயந்திரம் எதையோ நகலெடுத்துவிட்டுப் பேசாமல் போய்க்கொண்டிருந்தது.

அவள் தம்பி வேல்ராஜ் அந்த அருவியில்தான் காவலாளி. அவனை அழைத்தாள்.

“ஏலே வேலு, அங்கன தண்ணி எப்படி இருக்கு?”

“நல்லாக் கொறஞ்சிட்டுக்கா. காலையில குளிக்க விடல. இப்பத் தொறந்துட்டோம். எரநூறு பேரு நிக்காவ.”

“எல்லாரையும் வெளிய ஏத்துலே!”

“வெளையாடுதியா? பாதிப் பேரு மசாஜ் பண்ணிட்டு உடம்பெல்லாம் எண்ணெயா நிக்கான். குளிக்காமப் போன்னு சொன்னா என்னையத்தான் முக்குவான்.”

“அருவிச் சத்தம் எப்படி இருக்கு?”

அருவியை நோக்கி நடக்கும் அவன் செருப்புச் சத்தம் கேட்டது.

“சத்தமே இல்லக்கா. பொம்பளையாளுவ வளையல் குலுங்குதது கேக்கு. யாரோ மேல குழாய அடைச்ச மாதிரி இருக்கு.”

“அதாம்லே. மேல அடைச்சிருக்கு. ஏத்து!”

அவன் விசில் ஊதுவது கேட்டது. ஓர் ஆண் குரல் சீறியது. “யோவ், காலையில இருந்து காத்துக் கெடந்து இப்பத்தான் தண்ணி பதமா விழுது. நீ வேணா ஏறிப் போய்யா!”

“எண்ணெயோட பஸ்ஸுல ஏறினா கண்டக்டர் வழுக்கி விழுந்துருவாரு தம்பி” என்றாள் ஒருத்தி. கூட்டம் சிரித்தது. யாரும் நகரவில்லை.

புது இயந்திரத்தில் ஓர் அமைப்பு உண்டு. மாற்றினால், பழைய கட்டளைகள் மட்டுமே தெரிந்த இயந்திரமாக அது நடந்துகொள்ளும். தம்பியின் இணைப்பைத் துண்டிக்காமல், வீட்டின் இன்னொரு போனில் ஞானசம்பந்தத்திடம் கேட்டாள்.

“ஆபீஸே நின்னு போகும்மா! நாளைக்குப் பேசுவோம். சொல்லாமக் கொள்ளாம மாத்துனீங்கன்னா உங்க வேலை இன்னையோட சரி.”

மாற்றினாள்.

திரையில் ஒரு வரி வந்தது: தெரியாத கட்டளை. அடுத்து ஜன்னல் வழியே, மலைப் பக்கமிருந்து ஒரு கரகரப்பு. பேசியே வெகுகாலமான தொண்டை செருமுவது போல. பிறகு அது ஏறியது. வீட்டுக் கண்ணாடிகள் அதிர்ந்தன.

போனில் ஈரக் கால்கள் ஓடும் சத்தம். குழந்தைகளின் அலறல். “படியில ஏறு! பையைக் கீழ போடு, ஏறு!” என்று வேல்ராஜின் குரல். அதற்குள், சங்குக்கு அடியில், இன்னொரு சத்தம் உருண்டு வந்தது. இணைப்பு அறுந்தது.

திரும்பத் திரும்ப அழைத்தாள். எடுக்கவில்லை. கடைசியில் அவனே கூப்பிட்டான்.

“எல்லாரும் மேல் படியில இருக்கோம்க்கா. நின்ன எடமே தெரியல. மரம் மரமா வருது. கைப்பிடிக் கம்பியவே காணோம்.”

முத்துச்செல்வி ஜன்னலருகே போய் மலையைப் பார்த்தாள்.

சற்று நேரத்தில் மேனேஜர் அழைத்தார். “எரநூறு உசிரும்மா. என்ன சொல்லன்னே தெரியல. சரி, வந்தது வந்து போயிட்டு. இப்ப சங்க நிறுத்துங்க. சனங்க செருப்பு, பையெல்லாம் கீழ கெடக்கு, எறங்கி எடுக்கணும்ங்காவ.”

அமைப்பை மாற்றக் கையைக் கொண்டுபோனவள், அளவுகளைப் பார்த்தாள். வெள்ளத்தில் குதித்த மட்டம் இறங்கிக்கொண்டிருந்தது. வடிகிறது. நல்லதுதான். ஆனால் முன்பிருந்த மட்டத்தையும் தாண்டி இறங்கிக்கொண்டிருந்தது. மழை ஏறுவதை நிறுத்தவில்லை. இயந்திரம் விழுந்தது, எழுந்தது, மறுபடி விழுந்தது.

“கேக்குதாம்மா? நிறுத்துங்க.”

அவள் போனை வைத்துவிட்டுத் தம்பியை அழைத்தாள்.

“யாரையும் கீழ விடாதலே. செருப்பு போனாப் போவுது.”

“வெள்ளம்தான் வந்து போயிட்டுல்லாக்கா? பாறையெல்லாம் தெரியுது.” அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டான். “ஆனா சங்கு மூச்சு விடுத நேரத்துல காது குடுத்துப் பாத்தேன். அருவிச் சத்தமே இல்லக்கா.”

“மேல மறுபடி அடைச்சிருக்குலே. ஏத்து வேலு. அந்தப் படியும் பத்தாது. சங்கு நிக்குத வரைக்கும் மேல ஏத்திக்கிட்டே இரு.”